விறகு வாசம் வீசிய சைலன்சர்

என் பயத்துக்கு எப்போதுமே அவசரம் அதிகம். ஆபத்து வாசலுக்கு வருமுன்பே எதிரே ஓடிப்போய், கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்துவிடும். ஒன்பது வயதில் அந்தப் பயத்தை நம்பி, பதுளை மைதானத்தில் அத்தனை பேர் முன்னிலையில் என் அப்பாவை நானே காட்டிக்கொடுத்தேன்.

தெமோதரைக்கு மேலே எங்கள் தோட்டம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லார் வீட்டு ஊதுகுழலும் நேராக இருக்கும். எங்கள் வீட்டுக் குழல் மட்டும் வாத்துக் கழுத்துபோல வளைந்திருக்கும். அதனால் அம்மா அடுப்புக்கு ஒதுங்கி உட்கார்ந்து, புகை முகத்தில் அடிக்காமல் ஊதுவார். குழல் கொஞ்சம் பருமன். ஊதுவதற்கு மூச்சு நிறைய வேண்டும். அம்மாவுக்கு அதில் குறையே இல்லை. அவர் கூப்பிட்டால் மூன்றாம் லயத்தில் ஒளிந்திருந்தாலும் வந்துதான் ஆகவேண்டும். விளிம்பு மட்டும் கூர். உதட்டை அறுக்காமலிருக்கத் துணி சுற்றி வைத்திருந்தார்.

தோட்டத்துத் துரையிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. முந்தைய துரை விட்டுப்போனது. வெகுகாலம் கொட்டிலில் கிடந்த அதில் கோழிகள்தான் குடியிருந்தன. இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் துரையும் அப்பாவும் அதைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பதுளையில் பழைய கார்களுக்கு ஒரு போட்டி வரவிருந்தது. அங்கே அழகுக்குப் பரிசு இல்லை. கார் பிறந்தபோதே இருந்த சாமான் எது, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் புள்ளி போடுவார்களாம்.

ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். துரை ஒரு புத்தகத்தை விரித்துப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் அசல்தான், சைலன்சரின் கடைசிக் குழாய் மட்டும் காணோம். நான் எட்டிப் பார்த்தேன். படத்தில் வாத்துக் கழுத்து. நுனியில் இரண்டு வரி. பக்கத்தில் குத்திய மூன்று எண்கள். தினமும் காலையில் தேத்தண்ணி கொதிக்கும்போது அந்த எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான்.

“எவனோ களவெடுத்திட்டான்,” என்றார் துரை.

அப்பா தலையைச் சொறிந்தார். “போட்டிக்குள்ள அதுக்கு ஒரு வழி பண்றேங்க.”

தோட்டத்துச் சாமானில் ஓர் ஆணி வீட்டில் இருந்தாலும் பத்துச்சீட்டு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வேலையும் போகும், லயத்து வீடும் போகும். என் பயம் அதோடு நிற்குமா? அப்பாவைப் பதுளை ஜெயிலில் போட்டது. களவுக் குழலால் ஊதிய குற்றத்துக்கு அம்மாவைப் பக்கத்து அறையில் போட்டது. அந்த அடுப்பில் வெந்த சோற்றைத் தின்றவன் என்ற வகையில் எனக்கும் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தது.

அப்பாவோ நிதானமாகப் புதுக்குழாய் செய்தார். ஆற்றுமணலைக் காயவைத்துக் குழாய்க்குள் இறுக அடைத்து, இரண்டு பக்கமும் கட்டையால் மூடி, உலையில் சிவக்கவைத்து, ஒரு மரக்குற்றியைச் சுற்றி வளைத்தார். குழந்தையின் கையை மடக்குவதுபோல அவ்வளவு பதமாக. வளைவின் உட்பக்கம் ஒரு சுருக்கம் விழவில்லை. விளிம்பை அரத்தால் உருட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து, தன் கீழுதட்டில் வைத்துப் பார்த்தார். மறுபடி அரம், மறுபடி உதடு. கெட்டிக்கார வேலையாட்கள் இப்படித்தான் சோதிப்பார்கள்போல என்று வாய் பிளந்து நின்றேன்.

“நம்பர் குத்தலயாப்பா?”

“இதுக்கு எதுக்குடா நம்பரு?”

போட்டிக்கு முந்தின நாள் நான் செயலில் இறங்கினேன். அடுப்படிக் குழலை எடுத்துப்போய்த் தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் புதைத்தேன். சாயந்திரம் அம்மா வெறும் வாயால் அடுப்பை ஊதிக் கண் சிவந்து எழுந்தார்.

“எங்கடா ஊதாங்கொழல்?”

“எனக்கென்னம்மா தெரியும்? அதுவே எங்கயாச்சும் போயிருக்கும்.”

“காலு மொளச்சுப் போயிருச்சா? ஒனக்குந்தான் ரெண்டு காலு இருக்கு. போயி அதக் கூட்டிக்கிட்டு வா!”

அப்பாதான் அம்மாவைவிட அதிகமாகத் தேடினார். விறகைக் கலைத்தார், சாக்கை உதறினார். விடிந்ததும் என் முன்னால் வந்து குந்தினார். “டேய், அப்பன் மானம் போகப்போகுதுடா.”

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. “போலிஸ் வந்தா கெடைக்கக் கூடாதுன்னுதாம்ப்பா...”

அவர் அடிக்கவில்லை. கானைத் தோண்டிக் குழாயை எடுத்துக் கழுவி, சாக்கில் சுற்றி, என் கையைப் பிடித்துக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினார். தானாகவே ஜெயிலுக்குப் போகிற மனிதரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

மைதானத்தில் அப்பா நேரே காருக்கு அடியில் படுத்துக் குழாயை மாட்டினார். சைலன்சர்களுக்கு நடுவர், பஜாரில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. எங்களுக்கு முன்னால் நின்ற சிவப்புக் காரின் குழாய் கண்ணாடிபோலப் பளபளத்தது. அவர் குனியக்கூட இல்லை.

“அசல் எண்டா சொல்றீங்க? போன மாசம் என்ட கடையிலதானே வாங்கினீங்க?”

அப்புறம் எங்கள் கார். நானா புல்லில் சாக்கை விரித்துப் படுத்தார். விரல் முட்டியால் குழாயைத் தட்டிச் சத்தம் கேட்டார். வளைவின் உட்பக்கம் பெருவிரலால் தடவினார். எண்களை வாய்விட்டு வாசித்தபோது அவர் குரலே மாறிவிட்டது. பிறகு ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்து முகர்ந்தார். முகம் சுருங்கியது.

“இந்தக் காரு ஓடுறது பெற்றோல்லயா, விறகுலயா?”

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் நான் கத்தினேன்: “எங்கம்மா அதுல ஊதவே இல்லீங்க!”

மைதானமே திரும்பிப் பார்த்தது. துரையும்தான். அப்பா தொப்பியைக் கழற்றினார்.

“முந்தின தொர காலத்துல குப்பையில கெடந்துச்சுங்க. அடுப்பூத எடுத்துக் குடுத்தேன். நீங்க படத்தக் காட்டினப்பதாங்க இந்தக் காரோடதுன்னு தெரிஞ்சிச்சு. கொண்டாந்து மாட்டிட்டேன்.”

துரையின் வாயிலிருந்து பத்துச்சீட்டு என்ற சொல் வரும் என்று நான் அவர் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நானா எழுந்து உட்கார்ந்தார்.

“தொரை, கொட்டில்ல கெடந்திருந்தா இது எப்பவோ துருப்புடிச்சுத் தூளாப் போயிருக்கும். இந்த ஜாதிக் குழாய் ஒண்டு முழுசா நான் இதுவரைக்கும் கண்டதில்ல. அடுப்படியில காஞ்சு கெடந்துதான் உசிர் தப்பியிருக்கு. இத உங்களுக்குக் காப்பாத்தித் தந்தது இந்தப் பொடியன்ட உம்மா.”

துரை குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, அப்பாவின் கரிக்கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் கார் இரண்டாவதாக வந்தது. சைலன்சருக்கு மட்டும் முழுப் புள்ளி.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, தான் செய்த புதுக்குழாயை அடுப்படியில் வைத்தார். அம்மா எடுத்து ஊதினார். தீ குபீரென்று எழுந்தது. குழாயை வாயிலிருந்து எடுத்து விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது வாய அறுக்கலயே,” என்றார்.

அப்பா சட்டையைக் கொடியில் போடுவதில் மும்முரமாக இருந்தார். ஜெயிலுக்குப் போகவிருந்த அம்மாவை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்று விளக்குவதில் நான் மும்முரமாக இருந்தேன். காருக்கென்று அப்பா அரும்பாடுபட்டுச் செய்த குழாய் வேலையில்லாமல் போய், அதிர்ஷ்டவசமாக எங்கள் அடுப்புக்கு வந்துவிட்டது என்றும் அம்மாவிடம் சொன்னேன். காரின் சைலன்சரில் யாரும் வாய் வைப்பதில்லை என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.