ஏழு கதவுகள்

எந்த வீட்டுக்குப் போனாலும் பூட்டுக்காரரின் கண்ணில் முதலில் படுவது கதவுதான். ஆட்களெல்லாம் அப்புறம். பெண் பார்க்கப் போன இடத்திலேயே கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லிவிட்டு வந்த மகராசன் அவர். "கதவைத்தான் புடிச்சிருந்துச்சு, நான் கூடவே வந்து சேர்ந்தேன்" என்று அவர் மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். இருபத்தாறு வருடமாக ஒரே சந்தில் ஒரே சின்னக் கடை. கண் பார்த்ததைவிட விரல் தடவியதைத்தான் நம்புவார்.

அவருடைய ஒரே மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று கிடைத்தாலே பெரும்பாடு என்றிருந்த வீட்டில் இரண்டும் கிடைத்ததும் யாருக்கும் தலைகால் புரியவில்லை. ஒன்று உள்ளூரில், பஸ்ஸில் அரைமணி தூரம். கட்டடம் பழசு, வாத்தியார்கள் பேர்போனவர்கள். மற்றது நாலு மணிநேரம் தள்ளி இருந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த ஆய்வகம், மாடி மாடியாக நூலகம், படிப்பு முடிந்த கையோடு வேலை. மகளுடைய மனசு அங்கே போய்க் குடியேறி நாளாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். புதன்கிழமை அப்பாவும் மகளும் போய்ப் பார்த்தார்கள்.

நூலகத்தைப் பார்த்து அவரே வாயைப் பிளந்தார். கடைசியாக விடுதி. விடுமுறை என்பதால் அறைகள் காலியாகத் திறந்து கிடந்தன. வார்டன் அம்மா சிரித்த முகமாக மூன்றாவது மாடிக்குக் கூட்டிப் போனாள். மகள் ஜன்னலிடம் போனாள், அவர் கதவிடம் போனார். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள்.

கேட்டதற்கு, "பாதுகாப்புக்குத்தான் சார், புள்ளைங்க நல்லதுக்கு" என்றாள் வார்டன்.

தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அந்த மாடியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கதவுநிலையின் உட்புறத்தையும் தடவினார். ஏழு நிலைகளில், தாழ்ப்பாள் உயரத்துக்குச் சரியாக, பிளந்த மரத்தை எடுத்துவிட்டுப் புதுக்கட்டை ஒட்டியிருந்தார்கள். மேலே ஒரே நிறப் பெயின்ட். அது கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது. இரண்டில் பெயின்ட் வாசனையே இன்னும் போகவில்லை. திரும்பினால் வார்டன் பின்னால் நின்றாள். பிள்ளைகள் சாவியைத் தொலைத்துவிட்டுக் கதவை உடைத்துவிடுகிறார்கள் என்று, கேட்காமலே சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் பேசிக்கொண்டே வந்தாள். அவர் உம் கொட்டினார். மறுநாள் சாயங்காலம்தான், நிலைகளில் உடைத்து ஒட்டியிருப்பதைச் சொல்லி, அங்கே வேண்டாம் என்றார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னை அனுப்ப உங்களுக்கு மனசில்ல. அதுக்குக் கதவு ஒரு சாக்கு."

அதில் பாதி உண்மை என்று அவருக்கே தெரியும். அதனால்தான் ஒருநாள் முழுக்கத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்தார்.

"மனசில்லதாம்மா. ஆனா சாவி தொலைஞ்சா உடையறது வெளிப் பூட்டு. உள்தாழ்ப்பாள் நிலையைப் பேத்துக்கிட்டு வந்திருக்குன்னா உள்ள ஆள் இருந்திருக்கு. தட்டியும் தொறக்கல, உடைச்சுத்தான் வெளிய எடுத்திருக்காங்க."

"எத்தனை கதவு?"

"ஏழு. அந்த ஒரு மாடியில மட்டும்."

வெள்ளிக்கிழமை உள்ளூர்க் கல்லூரிக்குச் சம்மதம் சொல்லி, மற்றதை விட்டுக்கொடுத்தாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது, கண்ணெதிரே இருக்கிறாளே என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலையில் பக்கத்துக் கடைக் கண்ணாடிக்காரர் பல்லெல்லாம் தெரிய வந்து பூட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்காரரின் மகளும் அந்த வெளியூர்க் கல்லூரிக்குத்தான் எழுதிப்போட்டிருந்தாள். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். இவள் விட்ட இடம் அவளுக்குப் போய்விட்டது. விட்ட இடம் காலியாகவா கிடக்கும்? பூட்டுக்காரருக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை. தன் பிள்ளை பிழைத்தால் போதும் என்று இருந்துவிட்டோமே என்று வெட்கமாகிவிட்டது.

கடைக்குள் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். தாழ்ப்பாள், புதுக்கட்டை, பெயின்ட் வாசனை, எண்ணிக்கை, ஒன்றையும் விடவில்லை. பொறாமையில் சொல்வதாக நினைப்பாரோ என்று பயந்தார். கண்ணாடிக்காரர் அப்படி நினைக்கவில்லை. கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு முகம் தெளிந்தார்.

"அதான் தாழ்ப்பாளையெல்லாம் கழட்டிட்டாங்கல்ல அண்ணே? இனிமே எந்தப் புள்ளையும் உள்ள பூட்டிக்க முடியாது. அப்புறம் என்ன பயம்?"

தாழ்ப்பாளா அந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோனது என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் கண்ணாடிக்காரர், மகளைச் சேர்க்க நாளைக் காலை கிளம்புவதாகச் சொல்லிக்கொண்டு எழுந்தார். வெளியே அவருடைய மகள், விடுதியில் எந்த மாடியில் காற்று நன்றாக வரும் என்று பூட்டுக்காரரின் மகளிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். இவள் கடைக்குள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.