பாவாயி குடியிருந்த கேட் ரூம்

நேற்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்தபோது போனில் ஒரு படம் வந்தது. இடித்துத் தள்ளிய செங்கல் குவியல், பக்கத்தில் துருப்பிடித்த தண்டவாளம், அதைச் சுற்றி வேலிக்காத்தான். கீழே அழுகிற மூஞ்சி பொம்மைகள் வரிசையாக. 'நூற்றாண்டுப் பழமையான கேட் கேபினை இழந்துவிட்டோம்' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே ஐயோ, அடடா, மனசு வலிக்கிறது என்று ஆளாளுக்கு ஒப்பாரி. அந்தச் செங்கல்லுக்குள் ஒரு பொம்பளை குடியிருந்தாள். பெயர் பாவாயி. அவள் எங்கே போனாள் என்று அந்த ஒப்பாரியில் ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

படத்தை அனுப்பியவன் என் தம்பி மகன் பிரவீண். பெங்களூரில் வேலை. நல்ல பையன், சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் சொல்ல மாட்டான். ஆனால் ரயில் பைத்தியம். ரயிலைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது என்பது போன வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. எஞ்சினை நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நாம் மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. அதுகூடப் பரவாயில்லை. சில மாசத்துக்கு முன்னால் சேலம், சங்ககிரிப் பக்கம் ரயிலே வராத தண்டவாளங்களைப் பார்க்க ஒரு டூர் போட்டிருந்தார்கள். ஆலைகளுக்குச் சரக்கு ஏற்ற மெயின் லைனிலிருந்து பிரிந்து போகிற கிளைப் பாதைகள் இருக்கிறதே, சைடிங் என்போம், அவற்றில் பாதி இப்போது ஆடு மேய்கிற இடம். அதைப் பார்க்க வேன் வைத்து வருகிறார்கள்.

பிரவீண் போன் செய்து, "அத்தை, மகுடஞ்சாவடி தாண்டி ஒரு சுண்ணாம்பு ஆலை சைடிங் இருக்குதுங்களே, நீங்க வேலை பாத்தது. வந்து எங்க ஆளுங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அறுபது வயதுக்கு மேல் யார் நம்மைப் பேசக் கூப்பிடுகிறார்கள்? கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையை எடுத்து இஸ்திரி போட்டேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கப் போகிற நினைப்பு எனக்கு. வேனில் ஏறியதும் எஞ்சின் படம் போட்ட டீ-ஷர்ட் ஒன்று கொடுத்தார்கள். அதில் இப்போது மிக்ஸி துடைக்கிறேன்.

முதல் நாள் மழை பெய்திருந்தது. வேனிலிருந்து இறங்கியதுமே அந்த வாடை மூக்கில் ஏறியது. ஆலை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த மண்ணிலிருந்து சுண்ணாம்பு போகவில்லை. நனைந்த சுண்ணாம்புக்கு ஒரு காட்டம் உண்டு, தொண்டையில் போய் உட்காரும். அந்த வாடை வந்தால் எனக்குக் கூடவே தேங்காய் எண்ணெய் வாடையும் வரும்.

அந்த ஆலையில் வேகனுக்குள் ஏறுகிற மூட்டைகளை எண்ணுவதுதான் என் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு சேர்ந்தேன். முதல் நாள் பவுடர் பூசி, பூ வைத்து, கனகாம்பரக் கலர் தாவணியில் போய் நின்றேன். மூட்டை தூக்குகிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், கிட்டே வந்து, "இப்புடியே நின்னீன்னா பொழுதுக்குள்ள மூஞ்சி வெந்துரும் புள்ள" என்று சொல்லி, உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றி என் முகம், கழுத்து, காதுமடல் எல்லாம் வழித்துப் பூசினாள். பவுடரும் எண்ணெயும் சேர்ந்து நான் இருந்த கோலத்தைக் கேட்காதீர்கள். அவள்தான் பாவாயி. சாயந்திரம் தொண்டையில் இருக்கும் தூசி இறங்க எல்லாருக்கும் அச்சு வெல்லம் கொடுப்பார்கள். அவள் தன் பங்கில் பாதியைக் கடித்து எனக்குக் கொடுப்பாள். மகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தவள், அவளுக்குத்தான் அது வேண்டியிருந்திருக்கும்.

காலையில் எஞ்சின் காலி வேகன்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடும், நிற்காது. அங்கிருந்து ஒவ்வொரு வேகனையும் மூட்டை ஏற்றுகிற மேடைக்குக் கையாலேயே தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஆணும் பெண்ணுமாகத் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். மேடைப் பக்கம் தரை லேசாகச் சரிவு. வேகன் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கவாட்டில் இருக்கும் பிரேக் கம்பியின் மேல் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து அமுக்குவார். இன்னொரு ஆள் கூடவே ஓடி, சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட வேண்டும். ஓட்டத்தில் கெட்டி என்று அந்த வேலையைப் பாவாயிக்குக் கொடுத்திருந்தார்கள்.

அமுக்கிய பிரேக் கம்பி மேலே எழும்பாமல் இருக்க ஒரு இரும்பு முளை செருகுவார்கள். அந்த முளைகள் ஒவ்வொன்றாகத் தொலைந்துபோயின. புதிதாகக் கேட்டால் மேனேஜர், "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். முளை வரவில்லை. நம் ஆட்களுக்குத்தான் ஆயிரம் யோசனை வருமே, மூட்டை வாய் தைக்கிற சணலை முறுக்கிப் பிரேக் கம்பியை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். நன்றாகவே நின்றது. கொஞ்ச நாளில் முளை என்று ஒன்று இருந்ததையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். அந்தச் சணல் முழுக்கச் சுண்ணாம்புத் தூள் அப்பியிருக்கும். சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பது அங்கே வேலை செய்த எல்லாருக்கும் தெரியும், தினமும் கை வெந்தவர்கள்தான். சணலும் அதில் வெந்துதான் போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி மழை. ஒரு நாள் காலையில் பாதி மூட்டை ஏறிய வேகன் மேடையில் நின்றது. சணல் இற்றுப்போய் அறுந்தது. சத்தமே இல்லை, வேகன் மெதுவாக நகர்ந்தது. கீழே தண்டவாளத்தின்மேல் மூன்று பெண்கள் சிந்தியதைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பாவாயி முட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கட்டையைச் சரியாகத்தான் போட்டாள். ஈரச் சுண்ணாம்புச் சேற்றில் கால் வழுக்கிச் சக்கரத்துக்கு அடியில் போனது. வேகன் நின்றது, அந்த மூன்று பேரும் பிழைத்தார்கள். பாவாயியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று மத்தியானமே மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? அவள் வேலைக்கு வந்தவளே இல்லையாம். சிந்தின சுண்ணாம்பைப் பொறுக்க உள்ளே புகுந்தவளாம். தினமும் அந்த ஆளின் கண் முன்னால் ஓடியவளை! முதலாளிக்கு மட்டும் கொஞ்சம் மனசு உறுத்தியிருக்கும்போல. ஆஸ்பத்திரிக்கு வந்து எங்கள் எல்லாருக்கும் முன்னால், "உசுரோட இருக்குற வரைக்கும் அந்தக் கேட் ரூமுல இருந்துக்க அம்மிணி, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார். சைடிங் ரோட்டைக் கடக்கிற இடத்தில் கேட் போடுகிற ஆளுக்குக் கட்டிய ரூம் அது. ஒரு காலுக்கு ஒரு ரூம். அதுவும் வெறும் வாய்ச்சொல். அவள் அதை நம்பி அங்கேயே குடியேறினாள். வாசலில் லாரிக்காரர்களுக்கு டீ போட்டு மகளை வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள். எனக்கு அதற்குள் தபால் ஆபீஸில் வேலை கிடைத்துவிட்டது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவேன்.

இனி டூர் கதைக்கு வருகிறேன். ஆலையும் நிலமும் கைமாறி, முதலாளியும் போய்ச்சேர்ந்து, இப்போது புதிதாக வாங்கியவருக்கு அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது யார் என்கிறீர்கள்? அதே மேனேஜர்தான். முடி நரைத்து, வெள்ளைச் சட்டையில், வேன் வாசலிலேயே கும்பிட்டு வரவேற்றார். பிள்ளைகள் இறங்கியதும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். தண்டவாளம் முடிகிற இடத்தில் துருப்பிடித்த தடுப்பு ஒன்று நிற்கும். அதைக் கண்டதும் ஒரு பையன் தரையில் குப்புறப் படுத்துப் படம் எடுத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவரைக்கும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பாவாயி எல்லாருக்கும் டீ போட்டு வைத்திருந்தாள். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "குடிங்க சாமி, குடிங்க" என்று ஒவ்வொருத்தருக்காக எடுத்துக் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு ஒரு பெண், ரொம்ப மரியாதையாகத்தான், வாசலில் துணி காயப்போட்டிருந்த கொடியை அவிழ்க்க முடியுமா என்று கேட்டாள். படத்தில் ரூம் பழைய மாதிரி வர வேண்டுமாம். பாவாயி கொடியை அவிழ்த்தாள். பிறகு பிளாஸ்டிக் குடத்தை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். கடைசியில், "பாட்டி, நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருங்க" என்றார்கள். அவள் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். அவள் வீட்டு வாசலிலிருந்து அவளையே நகர்த்துகிறார்கள், அதுவும் ப்ளீஸ் போட்டு.

ஆலைச் சுவரில் பாதுகாப்புப் பலகை ஒன்று இன்னும் தொங்குகிறது, 'விபத்தில்லா ஆலை' என்று. அதன் கீழே எல்லாரையும் நிறுத்தி மேனேஜர் பேசினார். "அந்தக் காலத்துல கையாலயே தள்ளுவோமுங்க. ஆனா இந்த சைடிங்ல ஒரு சின்னக் காயம் ஆனதில்லைங்க." பிள்ளைகள் கை தட்டினார்கள். பாவாயி பத்தடி தள்ளி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கிறாள்! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் முந்தானையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அவள்தான்.

"பேசாத புள்ள. நீ பேசிட்டு வேன் ஏறிப் போயிருவ. நான் இங்கதான படுக்கோணும்."

மேனேஜர் அடுத்து என்னைத்தான் கூப்பிட்டார். இவர்களும் நம் ஆலையில் வேலை பார்த்தவர்கள், நாலு வார்த்தை சொல்வார்கள் என்றார். கேமரா எல்லாம் என் பக்கம் திரும்பியது. நான் என்ன பேசினேன் தெரியுமா? தேங்காய் எண்ணெயைப் பற்றியும் அச்சு வெல்லத்தைப் பற்றியும் பேசினேன். அந்தக் காலத்தில் நாங்கள் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம் என்று பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள், மேனேஜரும்தான். கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு போனது இதற்குத்தானா என்று வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். பிரவீண் பக்கத்தில் உட்கார்ந்து, "சூப்பரா பேசுனீங்க அத்தை" என்றான். அவனை அறைந்திருப்பேன், வேனில் ஆட்கள் இருந்தார்கள்.

படங்கள் நன்றாக ஓடினவாம். இடத்தை வாங்கியவர் பார்த்திருக்கிறார். ஜனங்களுக்கு இதிலெல்லாம் இவ்வளவு ஆசை இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டு, பழைய ரயில் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து ஓட்டல் நடத்துவது என்று முடிவு பண்ணிவிட்டார். கார் நிறுத்த இடம் வேண்டுமே? கேட் ரூம் குறுக்கே நின்றது. மேனேஜர் ஆள் விட்டுக் காலி பண்ணச் சொன்னார். முதலாளி கொடுத்த வாக்கு என்று பாவாயி சொன்னதற்கு, போய் அந்த முதலாளியையே கேள் என்றாராம். பாத்திரங்களை வெளியே எடுத்து வைக்கிற வரைக்கும் பொக்லைன் ஓரமாக நின்றதாம். அந்த மட்டும் மனுசத்தனம் இருந்திருக்கிறது.

இப்போது அங்கே ரூம் இல்லை, டீ அடுப்பு இல்லை, வேப்பமரத்தையும் வெட்டிவிட்டார்கள். பஸ்ஸில் போனால் எந்த இடத்தில் இறங்குவது என்றே எனக்குத் தெரியாது. டூர் போனபோது என்னையும் சேர்த்துவிட்ட அந்த ரயில் குரூப்பில் இருக்கிறவர்களுக்குத் துக்கம் தாங்கவில்லை. நேற்று நானும் எழுதினேன், அந்த ரூமில் இருந்த அம்மாவை யாராவது நினைத்தீர்களா என்று. ஒரு பதில் வந்தது. கட்டடம் எந்த வருஷம் கட்டியது, தெரிந்தால் சொல்லவும்.

இன்று காலை முதல் பஸ்ஸில் புதுச்சத்திரம் போனேன். பாவாயி அங்கேதான் மகள் வீட்டில் இருக்கிறாள். கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை, அதில் மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். டீ குடிக்கிறாயா என்று என்னைக் கேட்டுவிட்டு, மகள் முகத்தைப் பார்த்தாள். தன் கையால் எத்தனை பேருக்கு டீ ஊற்றியவள், ஒரு டம்ளருக்கு மகள் முகத்தைப் பார்க்கிறாள்.

நான் சொன்னேன், அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டது உன் ரூமுக்காக, அந்த ரூம்தான் போய்விட்டதே, இனி எதற்கு மூடிக்கொண்டு இருக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், உனக்குச் சங்கடமாக இருந்தால் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று. அவள் மடித்து ஊசி குத்தியிருந்த சேலை நுனியை இழுத்துக் காலை மூடினாள்.

"எதுக்கு மாத்தறே? பாவாயின்னே போடு. கால் போனது எனக்குத்தான."