தள்ளுவண்டி இல்லாத பட்டறை

அடுக்களையில் கண்ணாடி டம்ளர் உடையும் சத்தம் கேட்டதும் திருமலைசாமி பதறி எழுந்தார். "அம்மணி! கையைக் காட்டு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். அவர் மனைவி பங்காரம்மா அதற்குள் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டிருந்தாள். நல்லவேளை, கீறல் இல்லை.

"உன்னை யாரு இங்க வரச் சொன்னது?"

"டாக்டருக்குக் காப்பி போடலாம்னுதாம்மா."

"காப்பி நான் போட மாட்டனா? போய் உக்காரு, மகராசி."

இருபத்தாறு வருஷமாக அந்தத் துடியலூர் வீட்டில் வெங்கடலட்சுமியின் வாழ்க்கை இதுதான். ஒரு வயதில் காது குத்தியபோது மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை; துளை தூர்ந்துபோய், இன்றுவரை அவள் காது மூளிதான். பதினான்கு வயதில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது அவளைச் சாவின் வாசல்வரை கொண்டுபோனது. அப்புறம் ஊசியும் கத்தரியும் பீரோவுக்குள் போயின. பி.ஏ.வைக்கூடத் தபாலில்தான் படித்தாள்.

அவளுக்கென்று ஒரே ஒரு வழி திறந்திருந்தது. ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருந்த தாய்மாமன் சுந்தரராஜுலு. வருகிற தை மாதம் கல்யாணம். "இங்க வந்துட்டீன்னா தோப்பு முச்சூடும் நட லட்சுமி, ஒருத்தரும் தடுக்க மாட்டாங்க" என்று அவர் ஒருமுறை சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாட்களைத் தள்ளினாள்.

வந்திருந்தது டாக்டரம்மா இஸ்மத். ஆறு மாதத்துக்கு முன் அவளுடைய ரத்தத்தை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியவர். போன வருஷம்தான் உலகத்துக்கே தெரியவந்த காரணம் அது என்று சொல்லி, முடிவைப் பிரித்து வைத்தார்.

"ரத்தம் உறையப் பல புரதம் வேணுங்க. அதுல ரெண்டு லட்சுமிக்குப் பத்தல. ஏனுங்க சார், உங்க பவுண்டரியில வார்த்த பம்பு பாடியை லேத்துக்கு யார் கொண்டுபோவாங்க?"

"பாலுசாமிங்க. தள்ளுவண்டியில."

"அவர் வரலேன்னா?"

"வார்த்ததெல்லாம் அங்கயே குமிஞ்சு கிடக்கும்."

"அதேதாங்க. உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு பட்டறை. ஒரு பக்கம் புரதத்தை வார்க்கும். அடுத்த பக்கம் ராவி, பொட்டணம் கட்டி, வெளிய அனுப்பும். இவ உடம்பு அந்த ரெண்டையும் நல்லாவே செய்யுது. நடுவுல சுமந்து போற ஒரு புரதம்தான் இல்ல. பத்துல ஒண்ணுதான் எப்படியோ வெளிய வருது."

வெங்கடலட்சுமி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் உடம்பு வீண் இல்லை, வேலை செய்கிறது என்று முதல் தடவையாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அவள் கண்கள் நிறைந்தன.

"அது ஏனுங்க இவளுக்கு மட்டும்?" என்றாள் பங்காரம்மா.

டாக்டர் தயங்கினார். "நீங்க சாருக்குச் சொந்த அக்கா மகள்தானுங்களே? ஒரே பழுது ரெண்டு பேர் வழியாவும் வந்து சேர்ந்திருக்கு."

திருமலைசாமியின் முகம் வெளுத்தது. "அப்ப சுந்தரராஜுலுவுக்கு?"

"அவர்கிட்டயும் இருக்கலாம். இருந்தா பிறக்கற குழந்தைக்கும் இது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால அவர் ரத்தத்தையும் பார்த்துட்டு..."

"வேண்டாமுங்க. மாப்பிள்ளை ரத்தத்தைச் சோதிச்சாங்கன்னு தெரிஞ்சா எங்க சொந்தத்துல ஒருத்தனும் எங்க ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டான். கல்யாணத்தை நிறுத்திப்போடறேன். எம் பொண்ணை நானே வெச்சுக் காப்பாத்திக்கறேன்."

"சார், நான் நிறுத்தச் சொல்லலீங்க! இவ வெளிய போலாம், வேலைக்குப் போலாம். அடிபட்டா, அந்த ரெண்டு புரதமும் இருக்கற பிளாஸ்மாவை உடனே ஏத்தினாப் போதும்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"லட்சுமி, நீ என்ன சொல்ற?" என்று டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். அந்த வீட்டில் அவளை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

"மாமாவுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்க டாக்டர்" என்றாள். "அவர்கிட்ட இல்லேன்னா... ஒரே ஒரு தடவை பாருங்க."

"கண்ணு, உள்ள போ."

"அப்பா..."

"உள்ள போன்னு சொன்னேன்."

பங்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். விரல் பதிந்தால் கன்றிவிடுமே என்று அந்த நேரத்திலும் மெதுவாகத்தான் பிடித்தாள்.

டாக்டர் எழுந்தார். காகிதங்களை மேசையிலேயே விட்டார். திருமலைசாமி படிவரை வந்து இரு கையும் கூப்பினார். குரலில் மரியாதை ஒரு துளி குறையவில்லை.

"பார்த்துப் போங்க டாக்டரம்மா. ரொம்ப உபகாரமுங்க."

ஸ்கூட்டர் கிளம்பும்வரை நின்றார். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.