மூன்றாவது குழல்

நேற்று மாதா கோயில் திருவிழாவில் போட்ட வேட்டின் கந்தக வாசனை, பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்துக்கு, சுருளிப்பட்டியில் இன்று வாழைத்தோட்டமாகிவிட்ட எங்கள் பட்டறைக்கு என்னை இழுத்துப் போய்விட்டது. அங்கே அப்பா மலைத்தோட்டத்துத் துரைகளுக்கு மூன்று குழல் துப்பாக்கி செய்துகொடுத்தார். மேலே இரண்டு பறவைக்கு, அடியில் ஒன்று பன்றிக்கு. கொக்கும் பன்றியும் கூட்டுச்சேர்ந்து வந்துவிடுமோ என்று துரைகளுக்குக் கவலை.

புதுத் துப்பாக்கியைப் புளியமரக் கவட்டையில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றை இழுத்துச் சுட்டுப் பார்ப்பார். வெடிக்காவிட்டால் நான் நூறு எண்ணி முடித்த பிறகுதான் கிட்டே போவார்.

"எம்மக எண்ணிக்கை வாத்தியாருக்கே வராது" என்பார்.

அன்று மூன்றாவது குழல் வெடிக்கவில்லை. அடுப்படியில் அம்மா பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். சுருக்கிச் சொல்லும் திறமை எனக்கு அப்போதே உண்டு. எழுபதுகளையும் எண்பதுகளையும் விழுங்கிவிட்டு நூறு என்றேன்.

"அதுக்குள்ளயா ஆத்தா?"

"ஆமாப்பா."

மருந்தை நோண்டி எடுக்கக் குழல்வாயில் குனிந்தார். உள்ளே கனன்றுகொண்டிருந்தது அப்போதுதான் வெடித்தது.

"குழல் வேலையில அசட்டையா இருந்து உசுர விட்டுட்டாக" என்றது ஊர். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்பாவின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.