காயாத கல்

“மொதல்ல துடைங்க. ஈரத்துல எல்லாக் கல்லும் ராணிதான்.”

தண்ணீர் பாட்டிலில் ஓப்பல் கல்லைப் போட்டு எடுத்துக்கொண்டு யார் விற்க வந்தாலும் எங்கள் கடைத்தெரு ரத்தினக்கல் வியாபாரி கொடுக்கும் வரவேற்பு இதுதான். தீட்டாத ஓப்பல் நனைந்திருக்கும்போது உள்ளே சிவப்பும் பச்சையும் ஓடி விளையாடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்தால் சாயம் வெளுத்துவிடும். எனவே கல்லை வாங்கி வெள்ளைத் துண்டில் ஒற்றி, ஜன்னலோரம் வைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். கல் காய்கிற வரை, விற்க வந்தவருக்கு வியர்க்கும்.

காய்ந்ததும் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கல்லை இப்படியும் அப்படியும் உருட்டுவார். வாயைத் திறக்க மாட்டார். கீழுதடு மட்டும் மெதுவாக முன்னால் வரும். அந்தப் பிதுக்கலைப் பார்த்தே பாதிப் பேர் தாங்களாக விலையைக் குறைத்துவிடுவார்கள். கடைத்தெருவில் அவருக்குப் ‘பிதுக்கண்ணன்’ என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். உள்ளூரப் பெருமையும் உண்டு.

அவர் கடைக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அதனால் அவருடைய அகராதி எனக்கு மனப்பாடம். வாங்கும்போது “வெடிப்பு” என்பார். விற்கும்போது அதே கோடு “இயற்கையா விழுந்த ரேகை” ஆகிவிடும். வாங்கும்போது, “பூராவும் பால் மாதிரி வெளுத்துக் கெடக்கு, மேல ஒரு தோல் அளவுக்குத்தான் கலர்.” மறுநாள், “அந்த வெளுப்பு மேலதாங்க கலர் எடுப்பா நிக்கும்!” ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: “நேத்து இதையே குப்பைன்னீங்களே?”

“நேத்து அது அவர் கல்லு. இன்னிக்கு என் கல்லு,” என்றார். கோபமே வரவில்லை. இந்த மனிதர்மீது எனக்கு எரிச்சலும் உண்டு, பிரியமும் உண்டு. எது எப்போது மேலே வரும் என்று எனக்கே தெரியாது.

இவர் வீட்டு அலமாரியில், ஜாம் பாட்டில் தண்ணீருக்குள் ஒரு கல் இருக்கிறது. கோழிமுட்டை அளவு. தொழிலுக்கு வந்த புதிதில், யாரோ ஒருவருடைய வாளித் தண்ணீருக்குள் பார்த்து மயங்கி, அப்படியே ஈரத்தோடு வாங்கி வந்தது. “இந்த மாதிரி கல்ல அதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல,” என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாட்டிலோடு காட்டுவார். வெளியே எடுக்கச் சொன்னால், “காத்து பட்டா ஆகாது.” தண்ணீர் மாற்றுவது மனைவியின் பொறுப்பு. “ஊர்ல எல்லாரும் மீன் வளக்கறாங்க, நாங்க கல்லு வளக்கறோம்,” என்று அந்த அம்மாள் என்னிடம் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

வம்பு மகளின் கல்யாணம் நெருங்கியபோது வந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது மடியில் உட்காரவைத்து, “உன் கல்யாணத்துக்கு இதுலதான் பதக்கம்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவள் மறக்கவில்லை. சாணை சரியில்லை, வெயில் சரியில்லை என்று அவர் சொன்ன சாக்குகளெல்லாம் தீர்ந்துபோக, நேற்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவளே கடைக்கு வந்துவிட்டாள். கையோடு கல் தீட்டுகிறவரையும் அழைத்து வந்திருந்தாள்.

“இத எதுக்கும்மா இங்க தூக்கிட்டு வந்தே?”

“தீட்டக் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே பாத்துச் சொல்லிடுங்கப்பா. உங்கள விட யாருக்குத் தெரியும்?”

தட்டிக்கழிக்க வழியில்லை. பாவமாக இருந்தது. ஆனாலும் வேடிக்கை பார்க்கும் ஆசை விடவில்லை. நான் தடுப்போரம் வந்து நின்றுகொண்டேன்.

அவளே கல்லை எடுத்தாள். வெள்ளைத் துண்டில் ஒற்றினாள். ஜன்னலோரம் வைத்தாள். எல்லாம் அப்பாவிடம் பார்த்துப் படித்ததுதான். பிதுக்கண்ணன் செய்தித்தாளை விரித்தார், பக்கத்தைத் திருப்பவில்லை. இந்த முறை வியர்த்தது அவருக்கு.

கல் ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. நடுவில் முடிபோல ஒரு கோடு தெரிந்தது. அதிலிருந்து இன்னொன்று கிளைத்தது. மகள் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள். குடும்ப உதடு அது. மெதுவாக முன்னால் வரத் தொடங்கியது.

“இரும்மா, இரு,” என்று அவர் பதறி எழுந்தார். பாட்டில் தண்ணீரில் விரலை முக்கி, கல்லின்மேல் ஒரு சொட்டு விட்டார்.