அணியத்தில் உயர்ந்த கை

“இஞ்சினுக்குக் கிட்டப் பிடியுங்கோ... இன்னும் கிட்ட. ம். ஒரு பிளக் வேலை செய்யேல்ல. கழட்டித் துடைச்சுப் போடுங்கோ.”

அருள்நேசன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கிறார். இலுப்பைக்கடவைக் கடலில் நின்றுபோன யாரோ ஒருவருடைய படகு இனிக் கரைக்கு வந்துவிடும். மன்னார்த் தீவில் படகு இஞ்சின் திருத்துகிறவர்கள் பலர் உண்டு. சத்தத்தைக் கேட்டே நோய் சொல்கிறவர் இவர்தான்.

வயது நாற்பத்திரண்டு. நடக்கும்போதும் வலது கை இஞ்சின் கைப்பிடியை முறுக்குவதுபோல அசைந்துகொண்டிருக்கும். “அண்ணை, றோட்டில நிக்கிற கழுதை முறுக்கினாலும் ஓடாது” என்று பெடியள் பகிடி விடுவார்கள்.

தேநீர்க் கடையில் வெளிநாட்டுக் கடலோட்டப் போட்டிகளைத் தொலைபேசியில் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே விளக்கம் வரும். “அங்க போட்டுக்குள்ள ரெண்டு பேர். ஒராளுக்குத் திருப்பிற வேலை, மற்றாளுக்கு வேகம் மட்டும். போட் அலையில எழும்பினா தண்ணிக்குள்ள சுத்துற விசிறி காத்தில சுத்தும். அப்ப பிடியைத் தளர்த்தி வேகத்தை விடோணும். விடாட்டி விழேக்க போட்டும் முறியும், ஆளும் முறியும்.”

ஊர்த் தேவாலயத் திருநாள் போட்டியில் ஓடுவது மீன்பிடிக்கும் பைபர் படகுகள்தான். இருபத்தைந்து குதிரைவலு இஞ்சின். இரண்டு மைல் தள்ளி ஒரு மிதவை இருக்கும். அதைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். திருப்புவதும் வேகமும் பின்னால் இருப்பவரின் ஒரே கைப்பிடியில். வேகமெடுத்ததும் படகு முன்பக்கம் தூக்கிவிடும். ஓட்டுபவருக்கு எதிரே வருவது தெரியாது. ஆகையால் படகின் முன்நுனியான அணியத்தில் இன்னொருவர் குந்தியிருப்பார். படகுக்குப் பாரமும் அவர், கண்ணும் அவர். பெரிய அலை கண்டால் கையை உயர்த்துவார். கை உயர்ந்தால் வேகத்தை விட்டே ஆகவேண்டும். அதற்கு மேல் விதி ஒன்றும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் அருள்நேசனின் அணியத்தில் இருந்தவன் கீர்த்தனன், மனைவியின் தம்பி. மிதவையைச் சுற்றித் திரும்பும்போது அடுத்த படகு இரு கை விரித்த ஒரு பாகத் தூரம்கூடப் பின்னால் இல்லை. கை உயர்ந்தது. அருள்நேசன் கண்டார். வேகத்தை விடவில்லை.

அவருடைய படகுதான் முதலாவதாக வந்தது. கீர்த்தனனைப் பலகையில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். முதுகெலும்பில் வெடிப்பு விழுந்திருந்தது. அவன் அதன்பிறகு கடலுக்குப் போகவில்லை. அன்று கரையில் கேட்டவர்களுக்கெல்லாம் அருள்நேசன் சொன்னது ஒன்றுதான்: “அவன் கை காட்டேல்ல.” ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவன் அதை மறுக்கவில்லை. பிறகும் மறுக்கவில்லை. அருள்நேசனும் அதற்குப் பிறகு போட்டிக்குப் போகவில்லை.

இந்த வருடம் மனம் கேட்காமல் பெயர் பதியப் போனார். பதிவை எழுதுகிற சுஜன் தேவாலய வளவில் மேசை போட்டு இருந்தான். சற்றுத் தள்ளி ஒரு கதிரையில் கீர்த்தனன்.

“வாங்கோ அண்ணை! அணியத்தில நல்ல ஆளாப் பாத்து ஏத்துங்கோ. நம்மட கீர்த்தனன் மாதிரி நித்திரை கொள்ளுற ஆள் வேண்டாம்.”

வளவே சிரித்தது. வருடாவருடம் யாராவது சொல்லும் பகிடிதான். அருள்நேசனும் கூடச் சிரித்து வந்தவர்தான். கீர்த்தனனும் சிரித்தான். சிரித்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைப் பிடித்துக்கொண்டான். அருள்நேசனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

“அவன் கை காட்டினவன்,” என்றார். “நான் கண்டனான். விடேல்ல.”

கீர்த்தனனுக்குக் கழுத்தைத் தனியாகத் திருப்ப முடியாது. உடம்போடு மெல்லத் திரும்பினான்.

“மூண்டு வருசம் பிந்தி வாறியள், அத்தான்.”

படிவத்தில் இரண்டு கட்டங்கள்: ஓட்டுபவர், அணியத்தில் இருப்பவர். அருள்நேசன் சுஜனிடமிருந்து பேனாவை வாங்கி, முதற் கட்டத்தை வெறுமையாக விட்டு, இரண்டாவதில் தன் பெயரை எழுதினார்.