பல்சர்கள் ஒன்றாகப் பிந்திய வாரம்

இங்கே ஆஸ்திரேலியாவில் சோற்றைச் சூடாக்க நான் ஒரு கூண்டுக்குள் போக வேண்டும். எங்கள் ரேடியோ தொலைநோக்கியின் காதில் இரைச்சல் விழக் கூடாதென்று மைக்ரோவேவ் அடுப்பைக் கம்பிவலை அறைக்குள் வைத்திருக்கிறார்கள். செல்போனும் கூடாது. சுற்றிலும் செம்மறியாடுகள்தான். சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இது தண்டனை என்று நினைப்பீர்கள். இல்லை, சொகுசாகவே இருக்கிறது.

பல்சர் என்பது செத்த பிறகும் சுழலும் நட்சத்திரம். அதன் துடிப்பு கடிகாரம் போலத் தவறாமல் வரும். பிரபஞ்சம் பிறந்த புதிதில் கிளம்பிய ஈர்ப்பு அலை நம்மைக் கடந்தால், ஒரு திசைத் துடிப்பு முந்தும், இன்னொரு திசையில் பிந்தும். அதற்காகத்தான் வருடக்கணக்கில் காத்திருக்கிறோம். 2007இல் நான் கிளம்பியபோது, கடலூரில் இருக்கும் மச்சான், என் மனைவி செல்வியின் தம்பி, "அலையத் தேடி அவ்ளோ தூரம் போவணுமா மாமா? எங்களக் கேட்டிருந்தா காட்டியிருப்போமே" என்றான். சுனாமியில் வீட்டுச் சாமான் அத்தனையும் பறிகொடுத்தவன். சிரிக்க அவனுக்கு உரிமை உண்டு. செல்விக்குச் சிதம்பரத்தில் ஆசிரியை வேலை, உயிர். அலை கிடைத்தால் நான் திரும்புவது, ஒப்பந்தம் முடிவதற்குள் கிடைக்காவிட்டால் அவள் வேலையை விட்டு இங்கே வருவது என்று பேசிக்கொண்டோம்.

2010இல் ஒரு வாரம் பல்சர்கள் பிந்தின. எனக்குத் தலைகால் புரியவில்லை. தொலைநோக்கியை இயக்கும் பிரையன், "எல்லாமே ஒன்றாகவா?" என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்துப் பெருமையாகத் தலையாட்டினேன். சரிபார்க்காமல் வாய் திறக்கக் கூடாது என்பது இங்குள்ள விதி. நல்ல சேதியை ஆறவிடக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அலை கிடைத்துவிட்டதென்று அலுவலகத் தரைவழிப் போனில் செல்விக்குச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அண்ணாகிராமத்தில் மாமனார் பலாப்பழம் அறுத்துத் தெருவுக்கே கொடுத்துவிட்டார்.

மறுநாள்தான் பிரையன் கேட்டது சந்தேகத்தில் என்று புரிந்தது. எல்லாத் திசையிலும் ஒரே அளவு பிந்தினால் அது அலை இல்லை. எங்கள் கடிகாரம்தான் பிசகியிருக்கிறது. செல்வியிடம் அதைச் சொல்லும்போது வெட்கத்தைவிட வருத்தம்தான் ஜாஸ்தியாக இருந்தது.

"குடுத்த பழத்தத் திரும்பக் கேக்க முடியாதுங்க" என்றாள். "அலை வரும்போது வரட்டும். நான் இப்ப வர்றேன்."

வந்தாள். பல்சர் கணக்கில் பூமியில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதால் வரும் வித்தியாசத்தை முதலில் கழித்துவிடுவோம். செல்வி வந்த அன்று கட்டில் போடக்கூட எங்களால் அப்படிக் கழிக்க முடியவில்லை. வடக்கே தலை வைக்கக் கூடாது என்றாள். தெற்கே வைத்தால் வடக்கே இருக்கும் ஊரைப் பார்த்துக் கால் நீளும், அதுவும் ஆகாது என்றாள். கடைசியில் குறுக்கே திருப்பிப் போட்டோம். இப்போது அறைக்கதவு பாதிதான் திறக்கிறது. ஒருக்களித்து நுழைந்து நிம்மதியாகத் தூங்குகிறோம்.